கருப்பு இன்ஜினுக்கு ஒரு வெயில், ஆரஞ்சுக்கு ஒரு வெயில்: ரயில் படத்தில் பெயின்ட் செய்யும் வேலை

பாதையோரன்:

வணக்கம். ரொம்ப நாளாக மனதில் இருக்கும் கேள்வி ஒன்றை வைக்கிறேன்.

ஒரே இடம், ஒரே வெயில். சூரியன் என் முதுகுப் பக்கம். ஷட்டர் வேகம் 1/800 நொடி, லென்ஸ் திறப்பு எஃப் 8, சென்சாரின் ஒளி உணர்வு ஐஎஸ்ஓ 200, எல்லாம் மேனுவல், அதாவது நானே வைத்தது. முதலில் முழுக்கருப்பு டீசல் இன்ஜின் ஒன்று வந்தது. சற்று நேரத்தில் பளீர் ஆரஞ்சு நிறத்தில் இன்னொன்று.

கருப்பு இன்ஜின் படத்தில் கதவு, கைப்பிடி, காற்று உள்ளே போகும் சல்லடை எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து இருட்டுப் பலகை மாதிரி நிற்கிறது. ஆரஞ்சில் வேறு விதம். வெளிச்சம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் தகடுகள் சேரும் கோடுகளைக் காணோம். நிறம் மட்டும் திட்டாகத் தெரிகிறது. கேமராத் திரையில் ஹிஸ்டோகிராம், அதாவது படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம், இரண்டு படத்திலும் வெளுத்துப்போகும் எல்லையான வலது ஓரத்தைத் தொடவே இல்லை.

பெயின்டுக்குத் தகுந்தபடி எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்ச அளவை, கொஞ்சம் ஏற்றி இறக்கினால் போதுமா? இல்லை, இந்த நிறத்துக்கு இந்த வெயில் என்று நேரத்தையும் இடத்தையும் பார்த்துத்தான் போக வேண்டுமா?

கரிப்புகை:

நீங்கள் இரண்டாவதாகச் சொன்னதுதான் என் கட்சி. எக்ஸ்போஷர் கடைசி வேலை. வரப்போகும் இன்ஜினின் பெயின்ட் எந்த வெளிச்சத்தைக் கேட்கிறது என்பதைக் கிளம்பும் முன்பே யோசித்துவிட வேண்டும்.

எனக்குப் பழக்கமானது நீராவி இன்ஜின், அதாவது கருப்பு. அதனால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பளபளப்பான கருப்பு பெயின்ட் தன்மேல் விழும் வெளிச்சத்தைக் கிட்டத்தட்ட முழுவதும் விழுங்கிவிடும். திரும்பி வரும் கொஞ்சமும் கண்ணாடியில் பட்டது போல ஒரே திசையில் போய்விடும். ஆக, கருப்பு இன்ஜினின் பக்கவாட்டில் நீங்கள் பார்ப்பது பெயின்டை அல்ல, அதில் பிரதிபலிக்கிற சுற்றுப்புறத்தை. இன்ஜின் முகமும் பக்கமும் சேர்ந்து தெரியும்படி முக்கால் கோணத்தில் நிற்கிறீர்கள் என்றால், அந்தப் பக்கவாட்டில் விழுவது பாதையின் உங்கள் பக்கத்தில், ரயில் வந்த வழியில் இருப்பவை. அங்கே அடர்ந்த மரங்கள் நின்றால் இருட்டுதான் விழும். திறந்த வெளியும் தாழ்ந்த வானமும் இருந்தால் உடம்பு நெடுக ஒரு வெள்ளிச் சாயல் ஓடும். கதவின் விளிம்பும் ரிவெட்டும் அதில் எழுந்து நிற்கும். கொஞ்ச தூரம் தள்ளி நின்றாலே படம் மாறிவிடும்.

நீராவி இன்ஜினுக்கு ஒரு வசதி உண்டு. கொதிகலன் உருளையாக இருப்பதால் சூரியன் எங்கே இருந்தாலும் அதில் ஏதோ ஒரு இடத்தில் ஒளிக்கோடு விழுந்தே தீரும். தட்டையான டீசல் இன்ஜினுக்கு அது கிடையாது.

அமெரிக்கப் புகைப்படக்காரர் ஓ. வின்ஸ்டன் லிங்க் 1955 முதல் 1960 வரை நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் கடைசி நீராவி நாட்களை எடுத்த விதத்தைப் பாருங்கள். பெரும்பாலும் இரவில் எடுத்தார். ஃபிளாஷ் பல்புகளை வரிசையாகக் கம்பியில் இணைத்து, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழ வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்தார். கருப்பு இரவில் கருப்பு இன்ஜின்! ஆனாலும் சக்கரத் தண்டுகளும் கொதிகலனின் வளைவும் வெள்ளைப் புகையும் தனித்தனியாகத் தெரிகின்றன. ஒளி வரும் திசைதான் அங்கே எல்லாவற்றையும் செய்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் இன்ஜின் தொழிற்சாலைகள் புது இன்ஜினின் அதிகாரபூர்வப் படத்துக்காகவே அதற்குப் பளபளப்பில்லாத சாம்பல் நிறம் பூசினார்கள். படம் எடுத்து முடித்த பிறகுதான் அசல் நிறம். சில சமயம் கேமராவுக்குத் தெரியும் பக்கத்துக்கு மட்டும் சாம்பல் அடிப்பார்கள். கருப்பும் கரும்பச்சையும் படத்தில் விவரத்தை மறைத்துவிடும் என்பது அவர்களுக்கு அப்போதே நன்றாகத் தெரிந்திருந்தது.

மாலைவெயில்:

> எக்ஸ்போஷர் கடைசி வேலை

இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை, கரிப்புகை அண்ணா. ரயில் தன் நேரத்துக்குத்தான் வரும். நமக்குப் பிடித்த இன்ஜின் உச்சி வெயிலில் வந்தால் எடுக்காமல் விடுவதா? எந்த வெயிலாக இருந்தாலும் அதில் கிடைக்கக்கூடிய நல்ல படம் ஒன்று இருக்கும். அதற்கு எக்ஸ்போஷர் தெரிந்திருக்க வேண்டும்.

பாடமாகச் சொல்லித் தரப்படுவது இது: கேமராவின் ஒளி மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும், எனவே எக்ஸ்போஷரில் கருப்புக்கு மைனஸ் (குறை), வெள்ளைக்கு பிளஸ் (கூட்டு). கருப்பு இன்ஜின் ஃபிரேமை நிறைத்துக்கொண்டு நின்றால் இது சரி. ஆனால் நம்முடைய வழக்கமான படத்தில் இன்ஜின் எவ்வளவு இடம் பிடிக்கிறது? பாதியில்கூடப் பாதிதான். மீதி வானம், சரளை, புல். பிரகாசமான வானத்தைப் பார்த்த மீட்டர் ஏற்கெனவே படத்தை இறக்கியிருக்கும். அதன் மேல் நீங்களும் மைனஸ் போட்டால் கருப்பு அதலபாதாளத்துக்குப் போய்விடும். அங்கே தேவைப்படுவது பிளஸ். இணையத்தில் ஒருவர் மைனஸ் என்றும் இன்னொருவர் பிளஸ் என்றும் சண்டை போடுவதற்குக் காரணம் இதுதான். இருவருமே தங்கள் ஃபிரேமைப் பொறுத்தவரை சரியாகத்தான் சொல்கிறார்கள்.

ஆகவே மீட்டரை ரயில் வருவதற்கு முன்பே பயன்படுத்தி முடித்துவிடுங்கள். அதே வெயில் படும் சரளைக்கல்லையோ புல்லையோ அளந்து, மேனுவலில் பூட்டிவிட வேண்டியது. அப்புறம் வருகிற இன்ஜின் எந்த நிறமாக இருந்தாலும் கருப்பு கருப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் விழும். அதற்கு மேல் கருப்புக்கு மூன்றில் ஒரு ஸ்டாப்பிலிருந்து மூன்றில் இரண்டு வரை கூட்டலாம் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரு மடங்கு, குறைத்தால் பாதி), மேகம் வெளுக்காமல் இருந்தால். வெள்ளை உடம்பில் சிவப்புப் பட்டை போட்ட டபிள்யூஏபி-7 மாதிரியான இன்ஜின் என்றால் அதே அளவு குறைக்கலாம்.

'ரா' (raw) கோப்பில், அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பில் எடுங்கள். நிழல் பகுதியை ஒரு ஸ்டாப் தூக்குவது இன்றைய சென்சாருக்குப் பெரிய வேலை இல்லை. வெளுத்துப்போனதை மீட்பதுதான் கஷ்டம்.

பாதையோரன்:

நான் வைத்திருந்தது மேனுவல்தான், மாலைவெயில். அளவும் நல்ல வெயிலுக்கு உரியதுதான். அப்படியும் கருப்பு அடைத்துக்கொண்டது என்றால் கரிப்புகை அண்ணா சொன்ன பிரதிபலிப்புதான் காரணமா? என் பக்கம் முழுவதும் மரங்கள்.

மாலைவெயில்:

மரங்கள் என்றால் ஆமாம், அந்த இடத்தில் அண்ணா சொன்னதுதான். எக்ஸ்போஷரைக் கூட்டினால் கருப்பு சாம்பலாகுமே தவிர, இல்லாத ஒளிக்கோடு வந்துவிடாது.

சிக்னல்சிவப்பு:

ஆரஞ்சுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. என்னைக் கேட்டால் கருப்பைவிட இதுதான் அதிகம் ஏமாற்றும், ஏனென்றால் கேமராத் திரையில் எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

நீங்கள் பார்த்தது ஒற்றை வெள்ளை ஹிஸ்டோகிராம் என்று நினைக்கிறேன். அது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறச் சேனல்களையும் கலந்து கணக்கிடும் பிரகாச அளவு. அந்தக் கலவையில் பச்சைக்குத்தான் பாதிக்கு மேல் மதிப்பு. சிவப்புக்குச் சுமார் 30 சதவீதம். ஆரஞ்சு இன்ஜினில் சிவப்புச் சேனல் உச்சத்தை முட்டி நிற்கும், நீலம் தரையில் கிடக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்ட கூட்டல் நடுவில் எங்கோ சாதுவாக உட்கார்ந்திருக்கும். சிவப்பு முட்டிவிட்டால் அந்தச் சேனலில் தகட்டுக்கும் தகட்டுக்கும் வித்தியாசம் இல்லை. கோடு எங்கிருந்து தெரியும்?

மெனுவில் மூன்று சேனலையும் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைப் போட்டுவிடுங்கள். அதுவும் கேமரா தயாரிக்கும் ஜேபெக்கிலிருந்து வருவதுதான், ராவிலிருந்து அல்ல. நிறத்தைத் தூக்கிக் காட்டும் 'விவிட்' மாதிரியான அமைப்பு வைத்திருந்தால் சிவப்பு இன்னும் சீக்கிரம் முட்டும். ராவில் எடுப்பவர்கள்கூடத் திரைக்காக 'நியூட்ரல்' வைத்துக்கொண்டால் ஹிஸ்டோகிராம் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கும்.

ஆட்டோ ஒயிட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்தின் நிறத்தை கேமராவே ஊகித்துச் சரிசெய்வதை, நம்ப வேண்டாம். ஃபிரேமுக்குள் பெரிய ஆரஞ்சுப் பரப்பு நுழைந்ததும் வெளிச்சமே மஞ்சளாக இருப்பதாக நினைத்து கேமரா நீலத்தைக் கூட்டிவிடும். இன்ஜின் சோகை பிடித்தது போலாகும், பின்னால் வரும் பெட்டிகள் நீலம் பாரிக்கும். அடுத்தடுத்த இரண்டு ஷாட்டில் ஒரே இன்ஜின் இரண்டு நிறத்தில் இருக்கும். டேலைட்டில், இல்லாவிட்டால் 5200 கெல்வினில் நிறுத்திவிடுவது உத்தமம்.

ஜெர்மன் ரயில்வேயின் போக்குவரத்துச் சிவப்பு, ரால் 3020 (ரால் என்பது நிறங்களுக்கு எண் கொடுக்கும் முறை), இந்தச் சிக்கலுக்குப் பேர்போனது. முகம், பக்கம் எல்லாம் ஒரே சிவப்பு. முகத்திலும் பக்கத்திலும் ஒரே அளவு வெயில் விழுகிற மாதிரி நின்றால் இரண்டும் சேர்ந்து ஒரு தட்டையான சிவப்பு வடிவம்தான் கிடைக்கும். கொஞ்சம் நகர்ந்து, முகத்தில் முழு வெயிலும் பக்கத்தில் சாய்வான வெயிலும் விழும்படி நின்றால் இரண்டு சிவப்பு கிடைக்கும், மூலை எழுந்து வரும். ஒற்றை நிற இன்ஜின் எதுவானாலும் இதைத்தான் செய்வேன். நேர்மாறாக, முகத்துக்கு ஒரு நிறம், உடம்புக்கு ஒரு நிறம் என்று இருக்கும் இன்ஜினில் வடிவத்தைப் பெயின்டே பிரித்துக் கொடுத்துவிடுகிறது. அதற்கு இரண்டு பக்கமும் சம வெயில் இருந்தால்தான் அழகு.

இதற்கு முந்தைய சிவப்பு, 1987இல் வந்த ரால் 3031, வெயிலில் வெளுத்து இளஞ்சிவப்பாகிவிடும். பட்டறையிலிருந்து புதிதாக வந்ததும் வெளுத்ததும் அருகருகே நிற்கும் படங்கள் கிடைத்தால் பாருங்கள், இரண்டும் ஒரே பெயின்ட் என்று நம்ப முடியாது. இதனால்தான் 'இந்த நிறத்துக்கு இத்தனை ஸ்டாப்' என்று அட்டவணை போட்டு வைத்துக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இந்தச் சிவப்பு, ஆரஞ்சு வகையறாவுக்கு மாலைப் பொன்வெயில் நல்லது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வெளிச்சத்திலேயே சிவப்பு தூக்கல், பெயின்டும் சிவப்பு. எரியும்தான், ஆனால் விவரம் போய்விடும். மெல்லிய மேகம் சூரியனை மூடியிருக்கும் நேரம்தான் ஆரஞ்சுக்கு என் முதல் தேர்வு.

வெள்ளிக்கோடு:

மேகமூட்டம் உங்களுக்கு. எனக்குச் சூரியன் தொடுவானத்தைத் தொடுகிற அந்தக் கடைசி நேரம் வேண்டும். நான் துரத்துவது எவர்சில்வர் உடம்புகளை.

துருப்பிடிக்காத எஃகுப் பெட்டிக்கு நிறம் என்று தனியாக ஒன்று கிடையாது. வானம் நீலமாக இருந்தால் அது நீலம், மேகம் சிவந்தால் அதுவும் சிவப்பு. அமெரிக்காவின் சான்டா ஃபே ரயில்வே 1937இல் தன் சூப்பர் சீஃப் ரயிலுக்குக் கொண்டுவந்த 'வார்பானட்' வடிவமைப்பு உலகத்திலேயே அதிகம் படம் பிடிக்கப்பட்ட இன்ஜின் பெயின்டுகளில் ஒன்று. ஜெனரல் மோட்டார்ஸின் லீலண்ட் நிக்கர்பாக்கர் வரைந்தது. முகத்தைச் சுற்றிச் சிவப்பு, ஓரத்தில் மஞ்சளும் கருப்பும், பின்னால் வெள்ளி. என் பார்வையில் அது கேமராவுக்கென்றே செய்தது மாதிரி இருக்கும். சிவப்பு முகத்தில் நிறம் நிலையாக நிற்கும், பின்னால் வெள்ளி நேரத்துக்கு நேரம் மாறும். சக்கரங்களைத் தாங்கும் போகிக்கும் வெள்ளிப் பூச்சு கொடுத்தார்கள். மற்ற இன்ஜின்களில் நண்பகல் நிழலில் காணாமல் போகும் அந்தக் கீழ்ப்பகுதி இதில் சுருள் ஸ்பிரிங் வரை தெரியும்.

கிளின்ட் ஷாட் பற்றியும் சொல்கிறேன், கருப்பு இன்ஜின்காரர்களுக்கும் உதவும். சூரியன் தொடுவானத்துக்குச் சற்று மேலே இருக்கும்போது, அதன் ஒளி ரயிலின் பக்கவாட்டில் பட்டு அதே கோணத்தில் தெறித்து நேராக நம் லென்ஸுக்குள் வரும்படி நிற்க வேண்டும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்காது; ரயில் வருகிற திசையில், பாதையின் நம் பக்கத்தில் இருக்கும். ரயில் நெருங்கி வரும்போது ஒரு நொடியோ இரண்டோ உடம்பு முழுவதும் தங்கத் தகடாகும். இதில் பெயின்டின் நிறம் முக்கியமே இல்லை, அதன் வழவழப்புதான் முக்கியம். ஏனென்றால் தெறித்து வருவது சூரியனின் நிறம். பளபளப்பான கருப்பு இன்ஜின் இதில் வெள்ளிக்கு இணையாக ஜொலிக்கும். வெளுத்துப்போய் மாவு மாதிரி ஆகிவிட்ட பெயின்டில் ஒன்றும் வராது. எக்ஸ்போஷரை ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் இறக்கிவிட வேண்டும், மற்றதெல்லாம் இருட்டில் போகட்டும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு.

போலரைசரை, அதாவது பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸ் முன்னால் மாட்டித் திருப்பும் ஃபில்டரை, ரயிலுக்கு எப்போதும் மாட்டி வைப்பவன் நான். பெயின்டின் மேல் இருக்கும் வானத்தின் வெள்ளைப் பூச்சை எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் நிறத்தைக் காட்டும்.

மாலைவெயில்:

போலரைசரை எப்போதும் மாட்டி வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். அது ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை வெளிச்சத்தைத் தின்னும். 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் போகும். 1/1000இல் 3 சென்டிமீட்டர் நகர்வு, 1/250இல் 11 சென்டிமீட்டர். பெயின்டின் மினுமினுப்பைக் குறைக்கப் போய் இன்ஜின் எண்ணையே படிக்க முடியாமல் செய்துகொள்வானேன்?

கருப்பு இன்ஜினுக்குப் போலரைசர் எமன். கரிப்புகை அண்ணா சொன்னதை யோசித்துப் பாருங்கள், அங்கே பிரதிபலிப்பு மட்டும்தான் வடிவத்தைக் காட்டுகிறது. பெயின்ட் மாதிரியான பரப்பில் போலரைசர் அதிகமாக வேலை செய்வது பரப்புக்குச் சுமார் 35 டிகிரி கோணத்தில் பார்க்கும்போது. நம் முக்கால் கோணமும் ஏறக்குறைய அதுவேதான். இருக்கிற ஒளிக்கோட்டையும் துடைத்து எடுத்துவிடும். எவர்சில்வருக்கோ அவ்வளவாகப் பயனில்லை, வெறும் உலோகத்தில் தெறிக்கும் ஒளி அந்த அளவுக்குப் போலரைஸ் ஆவதில்லை.

வெள்ளிக்கோடு:

கருப்புக்குக் கூடாது என்பது சரிதான், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பச்சை, நீலம், அடர்சிவப்பு இன்ஜின் மெதுவாக வரும் இடத்தில் எடுத்துப் பாருங்கள். ஒரு நுணுக்கம் உண்டு. தண்ணீரின் மினுக்கத்தைக் குறைக்க வளையத்தைத் திருப்பும் நிலைக்குக் குறுக்காகத் திருப்ப வேண்டும், இன்ஜினின் பக்கவாட்டு செங்குத்துப் பரப்பு என்பதால். தரையைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டுப் 'பயனில்லை' என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

கரிப்புகை:

போலரைசர் இல்லாமலே நிறம் ஆழமாக ஒரு வழி: மழை. வெளுத்த பெயின்டின் மேற்பரப்பு நுண்ணிய மேடுபள்ளமாக இருக்கும், ஒளி அங்கேயே சிதறி வெள்ளைச் சாயம் கொடுக்கும். தண்ணீர் படலமாகப் பரவி அந்த மேடுபள்ளத்தை நிரப்பியதும் அடியில் இருக்கும் நிறம் எழுந்து வந்துவிடும். மழை ஆரம்பித்த புதிதில் பாருங்கள், கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் வழிந்த கோடுகளில் மட்டும் பழைய கருஞ்சிவப்பு தெரியும், இடையில் வறண்ட இடமெல்லாம் மங்கல் இளஞ்சிவப்பு. அந்தப் பத்து நிமிடப் படங்கள் எனக்கு முழு வெயில் படங்களைவிடப் பிரியமானவை.

நாலாம்பாதை:

நான் பேனிங் ஆள். 1/30, 1/60 எல்லாம் வைத்து ரயிலோடு கேமராவைத் திருப்பி எடுப்பேன். பெயின்ட் நிறத்தைவிட அதில் கோடுகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்பதுதான் எனக்கு முக்கியம்.

படுக்கைக் கோடுகள் பேனிங்குக்கு வரப்பிரசாதம். கேமரா திருப்பும் வேகம் ரயில் வேகத்தோடு கொஞ்சம் பிசகினாலும் கலங்கல் ஓடுவது கோட்டின் திசையிலேயே என்பதால் கோடு கூர்மையாகவே தெரியும். அமெரிக்காவின் பென்சில்வேனியா ரயில்வேயின் ஜிஜி1 மின் இன்ஜினுக்கு வடிவமைப்பாளர் ரேமண்ட் லோயி கொடுத்த ஐந்து மெல்லிய பொன்கோடுகளைப் பாருங்கள். உடம்பு கருப்பு என்றே சொல்லத்தக்க கரும்பச்சை, அதில் வளைந்து ஓடும் அந்தக் கோடுகள்தான் இன்ஜினின் நீளத்தையும் சரிவையும் நமக்குச் சொல்கின்றன. அசைவில் கலங்கினாலும் அவை கலங்கியதாகத் தெரியாது. ஆனால் பெயர், எண், சாய்கோடு, செங்குத்துப் பட்டை எல்லாம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் பேனிங் சரியா என்று பார்க்க வேண்டுமானால் கோட்டைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் பார்க்க வேண்டும்.

இதே படுக்கைக் கோடுகள் ஆட்டோஃபோகஸுக்குப் பகை. மிரர்லெஸ் கேமராக்களில் சென்சாரிலேயே இருக்கும் ஃபோகஸ் புள்ளிகள் பெரும்பாலும் செங்குத்து விளிம்புகளைத்தான் நன்றாகப் பிடிக்கும். நீளமான கோடு மட்டும் ஓடும் வழவழப்பான பக்கவாட்டில் புள்ளியை வைத்தால் தேடிக்கொண்டே இருக்கும். முகத்தின் மூலை, ஜன்னல் சட்டம், எண் எழுதிய இடம் என்று செங்குத்தாக ஏதாவது இருக்கும் இடத்தில் வையுங்கள். முழுக்கருப்பு முகம் என்றால் அதையும் நம்பாமல், ரயில் வரும் முன்பே ஒரு ஸ்லீப்பர் கட்டையிலோ மின்கம்பத்தின் அடியிலோ ஃபோகஸ் வைத்துப் பூட்டிவிடுங்கள். ரயில் அங்கே வரும்போது அழுத்தினால் போதும்.

எல்லோருக்கும் ஒன்று: ஓடிவரும் ரயிலின் முகத்தை நோக்கி ஃபிளாஷ் அடிக்கவே கூடாது, ஓட்டுநரின் கண் கூசும். லிங்க் செய்தது ரயில்வேயின் ஒத்துழைப்போடு செய்தது. பாதையை விட்டுத் தள்ளி நில்லுங்கள். எந்தப் படமும் அதற்கு ஈடாகாது.

பாதையோரன்:

நன்றி நண்பர்களே. ஆரஞ்சுப் படத்தின் ராவைத் திறந்து, ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமில் பார்த்தேன். ஜேபெக்கில் சிவப்பு சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது, ராவில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது. நியூட்ரல் புரொஃபைலுக்கு மாற்றி, ஆரஞ்சின் பிரகாசத்தை மட்டும் இறக்கியதும் தகட்டுக் கோடுகள் வந்துவிட்டன. பக்கவாட்டுக் கதவின் கீல்கூடத் தெரிகிறது.

இன்னொரு சந்தேகம். பின்னணியையும் பெயின்டைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறீர்களா?

தூரப்பார்வை:

கண்டிப்பாக. நான் நீளமான லென்ஸில், நேர்கோட்டுப் பாதையில் தூரத்திலிருந்து எடுப்பவன். அங்கே பின்னணியும் முகத்தின் நிறமும்தான் எல்லாமே.

பச்சை இன்ஜின் காட்டுக்குள் வந்தால் கரைந்துவிடும். அதே காட்டில் மஞ்சளும் சிவப்பும் தனியாக வெட்டி ஒட்டியது போல் நிற்கும். பனி மூடிய மலைக்கு ஸ்விட்சர்லாந்தின் சிவப்பு ஆர்இ 460 இன்ஜினைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்த்ததில்லை. வெள்ளை ரயிலைப் பனியில் எடுக்கலாம், ஆனால் ஜன்னல் வரிசையும் ஏதாவது ஒரு கோடும் மட்டும் மிதக்கும். அதுவே வேண்டும் என்று தேடிப் போனால் ஒழிய அது ஏமாற்றம்தான். கருப்பு நீராவி இன்ஜினுக்குக் குளிர்காலை நல்லது. குளிரில் வெண்மேகமாகத் திரளும் நீராவியே பின்னணியாகிவிடும்.

பிரிட்டனின் மஞ்சள் முகத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பாதையில் வேலை செய்பவர்கள் தூரத்திலேயே ரயிலைப் பார்த்துவிட வேண்டும் என்று 1960களில் கொண்டுவந்தார்கள். பிரிட்டிஷ் ரயில் நிறுவனம் 1965இல் அறிமுகப்படுத்திய நீலத்தோடு சேர்ந்து அது ஒரு தலைமுறைப் படங்களின் அடையாளமே ஆகிவிட்டது. பாதையின் மேல் நெளியும் கானலிலும் மூடுபனியிலும், அரைக் கிலோமீட்டர் தள்ளி, எனக்கு முதலில் தெரிவதும் ஃபோகஸ் பிடிப்பதும் அந்த மஞ்சள்தான். 2016 முதல், போதுமான முகவிளக்கு இருந்தால் மஞ்சள் முகம் கட்டாயமில்லை என்று விதியைத் தளர்த்தினார்கள். புதிய ரயில்கள் சிலவற்றின் முகம் இப்போது கருமை. வடிவமைப்பாளர்களுக்குப் பிடித்திருக்கலாம், நீள லென்ஸில் அது ஜன்னல் எது, முகம் எது என்று தெரியாத ஒரு இருட்டு. இந்த மாற்றத்தை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தம்தான்.

மஞ்சள் முகமும் நீல உடம்பும் மாலை வெயிலில் எதிரெதிராக நடந்துகொள்ளும். மஞ்சள் எரியும்; நீலத்துக்குத் தேவையான நீல ஒளி அந்த வெயிலில் குறைவு என்பதால் உடம்பு சாம்பல் படியும். நீல இன்ஜினை நான் எப்போதும் காலை பத்து மணிக்கு மேலோ, மேகத்திலோ, சூரியன் மறைந்த பிறகான வெளிச்சத்திலோதான் எடுப்பேன்.

சிக்னல்சிவப்பு:

நிழல் பக்கத்திலிருந்தும் எடுத்துப் பாருங்கள். சூரியன் எதிர்ப்பக்கம் இருக்கும்போது நம் பக்கத்துக்கு வெளிச்சம் கொடுப்பது நீல வானம் மட்டுமே. நீல இன்ஜின் அதில் அடர்ந்து அழகாகும். ஆரஞ்சு பழுப்பாகத் தோன்றும், ஆனால் சிவப்புச் சேனல் முட்டாது, எல்லா ரிவெட்டும் பத்திரமாக இருக்கும். ஒயிட் பேலன்ஸை 6500, 7000 என்று ஏற்றினால் நிறம் பெருமளவு திரும்பிவிடும்.

பழையசுருள்:

ஃபிலிம் காலத்து ஆளாக நானும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

சூரியனை முதுகில் வைத்து முக்கால் கோணத்தில் எடுப்பதுதான் 'முறை' என்று பலர் நினைக்கக் காரணம் ஃபிலிமின் வேகம். கோடக் நிறுவனத்தின் வண்ண ஃபிலிமான கோடாக்ரோம் 64 என்றால் (64 என்பது இன்றைய ஐஎஸ்ஓ எண் போல) முழு வெயிலில் 1/500, எஃப் 5.6. கோடாக்ரோம் 25 என்றால் இன்னும் மோசம். மேகம் வந்தால் ஓடும் ரயிலை நிறுத்திப் பிடிக்க வழியே இல்லை. மேலே சொன்ன 'ஆரஞ்சுக்கு மேகம்' என்ற சுகமெல்லாம் அன்றைக்கு எங்களுக்குக் கிடையாது. இன்று ஐஎஸ்ஓ 1600இல் சுத்தமான படம் வருகிறது. அந்தப் பழைய முறையை ஒரு விதியாகச் சுமக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை.

அந்த ஃபிலிமின் செல்வாக்கு எவ்வளவு தூரம் போனது என்றால், 1980களில் சான்டா ஃபேயும் சதர்ன் பசிபிக் ரயில்வேயும் இணையப்போகின்றன என்று இன்ஜின்களுக்குச் சிவப்பும் மஞ்சளும் பூச ஆரம்பித்தபோது ரயில் ரசிகர்கள் அதற்கு வைத்த பெயரே கோடாக்ரோம். ஃபிலிம் பெட்டியின் நிறம்! 1986இல் இணைப்புக்கு அனுமதி மறுக்கப்பட்டது, பூசிய பெயின்ட் மட்டும் சில காலம் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கும் முந்தைய கருப்பு வெள்ளைக் கண்ணாடித் தகடுகளைப் பார்க்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். ஆர்த்தோகுரோமேட்டிக் வகைக்குச் சிவப்பு தெரியாது. இங்கிலாந்தின் மிட்லண்ட் ரயில்வேயின் கருஞ்சிவப்பு இன்ஜின்கள் அவற்றில் கருப்பாகவே விழுந்திருக்கும். ஸ்காட்லாந்தின் கலிடோனியன் ரயில்வேயின் நீலம் இருக்க வேண்டியதைவிட வெளிறி இருக்கும். பழைய படத்தைப் பார்த்து இன்ஜினின் நிறத்தை ஊகிப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

இப்போது கணினியில் கருப்பு வெள்ளையாக மாற்றுபவர்களுக்கும் இது பொருந்தும். பச்சை உடம்பில் சிவப்புப் பட்டை கண்ணுக்கு எவ்வளவு எடுப்பாக இருக்கிறது! வெறுமனே நிறத்தை நீக்கினால் இரண்டும் ஒரே சாம்பலாகிப் பட்டையே மறைந்துபோகும், ஏனென்றால் நிறத்தில்தான் வித்தியாசம், பிரகாசத்தில் இல்லை. எந்த நிறச் சேனலை எவ்வளவு எடுப்பது என்று தீர்மானிக்கும் சேனல் மிக்ஸரில் சிவப்பைத் தூக்கினால் பட்டை வெளுத்து உடம்பு இருளும். பச்சையைத் தூக்கினால் தலைகீழ். நான் பெரும்பாலும் சிவப்பைத் தூக்குவேன். வானமும் சேர்ந்து இருண்டு புகைக்கு இடம் கொடுக்கும். அதிகம் தூக்கிவிட்டால் வானத்தில் புள்ளிப்புள்ளியாக நாய்ஸ் வரும், அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். மஞ்சள் முகம் இருந்தால் அது சிவப்பு, பச்சை இரண்டிலும் வெளுக்கும் என்பதால் முகத்தை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுத்து அரை ஸ்டாப் இறக்க வேண்டியிருக்கும்.